ஒரே பெயர், இரண்டு கார்டு: லேப்டாப், டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டுகளின் வேகத்தை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4070 என்ற பெயரில் கடையில் இரண்டு வேறு பொருட்கள் கிடைக்கின்றன. ஒன்று, டெஸ்க்டாப் கேபினெட்டுக்குள் செருகும் கார்டு. இன்னொன்று, லேப்டாப் மதர்போர்டிலேயே சால்டர் செய்து வரும் சிப். இரண்டிலும் 4070 என்றுதான் ஸ்டிக்கர் இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் சிப்பே வேறு. வண்ணாரப்பேட்டையிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போய் லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டி வாங்குகிறவர்களில் பலருக்கு இது வாங்கிய பிறகுதான் தெரிய வருகிறது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், கானா பாட்டுக்கு யூடியூப் வீடியோ தயாரிக்கிறவர்கள், பாலிடெக்னிக்கில் திரீ-டி படிக்கிற பிள்ளைகள் என எல்லோரும் கடன் வாங்கித்தான் இதை வாங்குகிறார்கள். அவர்கள் பணம் வீணாகக் கூடாது.

லேப்டாப் கார்டின் வேகம் அதன் பெயரில் இல்லை. எந்த சிப், எத்தனை வாட், எவ்வளவு மெமரி, கூலிங் எப்படி, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறை எவ்வளவு சூடு, இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேகம் தெரியும். இந்த ஐந்தையும் எங்கே பார்ப்பது, எப்படி அளப்பது, கடைசியில் எப்படிக் கணக்குப் போடுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: பெயரை விட்டுவிட்டு சிப்பைப் பாருங்கள்

2016-க்கு முன்பு லேப்டாப் கார்டுகளின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து இருந்தது. ஜிடிஎக்ஸ் 980எம் என்றால் அது டெஸ்க்டாப் 980 அல்ல என்று குழந்தைக்கும் தெரியும். 2016-ல் 1060, 1080 போன்ற 10 வரிசை வந்தபோது லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடைவெளி குறைந்தது. என்விடியா அந்த எழுத்தை எடுத்துவிட்டது. அப்போது அதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு டெஸ்க்டாப் கார்டுகள் குடிக்கும் மின்சாரம் ஏறிக்கொண்டே போனது. லேப்டாப்பால் அந்த அளவுக்கு ஏற முடியாது. இடைவெளி மறுபடியும் விரிந்துவிட்டது, எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை.

சில ஜோடிகளைப் பாருங்கள் (கோர் என்றால் சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு):

- ஆர்டிஎக்ஸ் 4090: டெஸ்க்டாப்பில் 16,384 கோர்கள், 24 ஜிபி மெமரி, 450 வாட். லேப்டாப்பில் 9,728 கோர்கள், 16 ஜிபி.
- ஆர்டிஎக்ஸ் 4070: டெஸ்க்டாப்பில் 5,888 கோர்கள், 12 ஜிபி, 200 வாட். லேப்டாப்பில் 4,608 கோர்கள், 8 ஜிபி, 35 முதல் 115 வாட் வரை.
- ஆர்டிஎக்ஸ் 4060: இரண்டிலும் 3,072 கோர்கள், இரண்டிலும் 8 ஜிபி. டெஸ்க்டாப்பில் 115 வாட், லேப்டாப்பில் 35 முதல் 115 வரை.
- ஆர்டிஎக்ஸ் 5070: டெஸ்க்டாப்பில் 6,144 கோர்கள், 12 ஜிபி, 250 வாட். லேப்டாப்பில் 4,608 கோர்கள், 8 ஜிபி.
- ஆர்டிஎக்ஸ் 5090: டெஸ்க்டாப்பில் 21,760 கோர்கள், 32 ஜிபி, 575 வாட். லேப்டாப்பில் 10,496 கோர்கள், 24 ஜிபி.

லேப்டாப் 4090-ல் இருக்கும் 9,728 கோர்களை டெஸ்க்டாப் வரிசையில் தேடினால் அது 4080-ல் கிடைக்கும். சிப்பும் அதே ஏடி103 சிப்தான். அதாவது லேப்டாப் 4090 என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும் டெஸ்க்டாப் 4080. லேப்டாப் 4070-ஐத் தேடினால், கோர்களின் எண்ணிக்கையில் 4,352 கோர்கள் உள்ள டெஸ்க்டாப் 4060 டிஐதான் பக்கத்தில் வரும், சிப்பும் அதேதான். 4060 மட்டும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. 40 வரிசையில் பெயருக்கு உண்மையாக இருக்கும் லேப்டாப் கார்டு அதுதான் என்பேன். நடுத்தர பட்ஜெட்டில் லேப்டாப் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் அதையே சொல்வதும் அதனால்தான்.

கோர் அதிகம் இருந்தால் வேகம் அதிகம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப்பில் 3,840 கோர்கள், டெஸ்க்டாப்பில் 3,584 தான். இருந்தாலும் 170 வாட், 12 ஜிபி மெமரியோடு டெஸ்க்டாப் கார்டே முந்துகிறது. லேப்டாப் 3060-ல் மெமரி 6 ஜிபிதான், அடிப்படை மின்சாரமும் 115 வாட் வரைதான்.

என்விடியாவின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி இதில் கொஞ்சம் நேர்மையாக இருக்கிறது. ரேடியான் 7900எம், 7600எம் எக்ஸ்டி, 7700எஸ் என்று பெயரிலேயே லேப்டாப் என்பது தெரியும். என்விடியாவில் கண்டுபிடிக்க, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். 30 வரிசையிலிருந்து 'லேப்டாப் ஜிபியு' (ஜிபியு என்றால் கிராபிக்ஸ் சிப்) என்ற வால் பெயரோடு இருக்கும். பயன்படுத்திய பொருளை வாங்கும்போது இது முதல் சோதனை.

படி 2: எத்தனை வாட் என்று கேளுங்கள்

லேப்டாப் வாங்கும்போது கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கொருக்குப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவரோடு கடைக்குப் போயிருந்தேன். "அண்ணா, ரெண்டும் 4070 தானே, இது சன்னமா இருக்கு, இதையே எடுத்துக்கலாம்ணா" என்றார். அந்தச் சன்னமான லேப்டாப்பில் கார்டுக்கு ஒதுக்கியிருந்த மின்சாரம், பக்கத்தில் இருந்த தடித்த லேப்டாப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். விலை கிட்டத்தட்ட ஒன்று. கடைக்காரருக்கும் அந்த எண் தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் இருவருக்கும் புரிந்தது.

அந்த எண்ணைப் பார்க்கும் வழி இது. திரையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறங்கள். கீழே இடது மூலையில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அதைத் தட்டினால் வரும் பட்டியலில் 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரி இருக்கும். அதில் இருக்கும் வாட்தான் அந்த லேப்டாப்பின் உச்சம். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கம்பெனியின் சொந்த இணையதளத்தில், முழு விவரப் பட்டியலில் 'டிஜிபி' அல்லது 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்று தேடுங்கள். எண்ணே போடாமல் விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 140 வாட் என்று போட்டிருந்தால் அதில் 115 வாட் அடிப்படை, 25 வாட் 'டைனமிக் பூஸ்ட்' என்று இருக்கலாம். பிராசஸருக்கு வேலை குறைவாக இருக்கும்போது அதன் பங்கிலிருந்து எடுத்துக் கார்டுக்குக் கொடுப்பதுதான் இந்த பூஸ்ட். பிராசஸரும் கார்டும் ஒன்றாக உழைக்கும் கேமிலோ ரெண்டரிலோ அந்த 25 வாட் கிடைக்காது.

வாட் பாதியானால் வேகமும் பாதியாகும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சிப்பின் கடிகார வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும் கடைசிப் பகுதிதான் அதிக மின்சாரம் குடிக்கும். 60 வாட்டிலிருந்து 90-க்குப் போனால் கிடைக்கும் லாபம் பெரிது. 90-லிருந்து 120-க்குப் போனால் கிடைப்பது கொஞ்சம். 4050, 4060, 4070 லேப்டாப் கார்டுகள் பல கேம்களில் 100 வாட் பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன, 140 கொடுத்தாலும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே இந்தக் கார்டுகளில் 100 வாட்டுக்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். அதற்கு மேலே கூடுதல் வாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 4080, 4090 போன்ற பெரிய சிப்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு 150, 175 வாட் வரை கொடுத்தாலும் பலன் தெரியும்.

படி 3: மெமரி

வேகம் குறைவாக இருந்தால் வேலை மெதுவாக நடக்கும். மெமரி பற்றாமல் போனால் சில வேலைகள் நடக்கவே நடக்காது. 4070 டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8 ஜிபி என்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். டாவின்ச்சி ரிசால்வில் 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடும்போதும், பிளெண்டரில் பெரிய காட்சியை ரெண்டர் செய்யும்போதும், வீட்டிலேயே ஏஐ படங்கள் உருவாக்கும்போதும் அந்த 4 ஜிபி வித்தியாசம் கையில் இடிக்கும். 1080பி திரையில் கேம் ஆட மட்டும் என்றால் 8 ஜிபி பெரும்பாலும் போதும்.

வீடியோ எடிட்டர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்போதைய கேமராக்கள் பல, நிறத்தை அதிக நுணுக்கத்தோடு வைக்கும் 10-பிட் 4:2:2 என்ற வடிவில் பதிவு செய்கின்றன. 40 வரிசை வரையிலான என்விடியா கார்டுகளில், லேப்டாப்பானாலும் டெஸ்க்டாப்பானாலும், அதை நேரடியாக டீகோட் செய்யும் (கோப்பை விரித்துப் படமாக்கும்) வசதி கிடையாது. 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெல் பிராசஸர்களின் உள்கட்டமைந்த கிராபிக்ஸில் 11-வது தலைமுறையிலிருந்தே எச்.265 என்ற வீடியோ சுருக்க முறைக்கு அந்த வசதி உண்டு. உங்கள் வேலை முழுக்க இந்தக் கோப்புகள்தான் என்றால், பெரிய கார்டு வைத்த டெஸ்க்டாப்பைவிட இன்டெல் பிராசஸர் உள்ள சின்ன லேப்டாப்பில் டைம்லைன் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். கார்டுகளை ஒப்பிடும் முன் உங்கள் கோப்பு எந்த வடிவம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: சோதனைக்கு முன் இரண்டு பக்கத்தையும் சமமாக்குங்கள்

இணையத்தில் பார்க்கும் பாதி ஒப்பீடுகள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. லேப்டாப்பை அதன் சொந்த அடாப்டரில் செருகுங்கள். பேட்டரியில் ஓடும்போது கார்டு பெரும்பாலும் பாதி வேகத்தைக்கூட எட்டாது. டைப்-சி சார்ஜரில் ஓடினாலும் முழு மின்சாரம் கிடைக்காது. லெனோவோ, ஏசுஸ், எச்பி, ஏசர் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கன்ட்ரோல் மென்பொருள் தருகிறது. அதில் சைலன்ட், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்று பயன்முறைகள் இருக்கும். எதில் சோதித்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்தது ரேம். பல லேப்டாப்கள் ஒற்றை ரேம் குச்சியோடு விற்கப்படுகின்றன. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். ஒற்றைக் குச்சியில் கேம்களின் வேகம் நன்றாகவே அடிபடும், பழி கார்டின் மேல் விழும். இன்னொரு குச்சி போட்டபின் சோதியுங்கள்.

பிறகு எம்யூஎக்ஸ் சுவிட்ச். சாதாரண லேப்டாப்பில் என்விடியா கார்டு வரைந்த படம் நேராகத் திரைக்குப் போகாது. பிராசஸரோடு இருக்கும் சின்ன கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் போகும். நொடிக்கு நூற்றுக்கு மேல் ஃபிரேம் ஓடும் கேம்களில் இந்தச் சுற்று வழி வேகத்தைத் தின்னும். சுவிட்ச் இருந்தால் கன்ட்ரோல் மென்பொருளில் 'டிஸ்க்ரீட்' முறைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் எச்டிஎம்ஐ கேபிளில் வெளி மானிட்டர் இணைத்துப் பாருங்கள்; பல லேப்டாப்களில் அந்தத் துளை நேராகக் கார்டோடு இணைந்திருக்கும். எப்படியும் டெஸ்க்டாப்பை மானிட்டரில்தான் சோதிக்கப்போகிறீர்கள். அதே மானிட்டரில் லேப்டாப்பையும் இணைத்துவிட்டால் ரெசல்யூஷனும் சமமாகிவிடும்.

டிரைவர் இரண்டிலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். ஏஐ-ஐ வைத்து ஃபிரேம் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஃபிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்கையும் அணையுங்கள், இல்லையென்றால் இரண்டும் 60-லேயே நின்று சமம் போலத் தெரியும்.

படி 5: அளப்பது

இவ்வளவு கருவிகள் போதும்: வேகத்துக்கு மதிப்பெண் போட 3டிமார்க்கின் டைம் ஸ்பை, பிளெண்டரின் இலவச பெஞ்ச்மார்க், மின்சாரத்தையும் சூட்டையும் பின்னணியில் பதிவு செய்ய எச்டபிள்யூஇன்ஃபோ, கேமில் ஃபிரேம் எண்ண எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர். டைம் ஸ்பையின் அடிப்படைப் பதிப்பு ஸ்டீமில் இலவசமாகவே கிடைக்கும்.

டைம் ஸ்பை முடிந்ததும் மூன்று எண்கள் வரும்: மொத்த மதிப்பெண், கிராபிக்ஸ் மதிப்பெண், சிபியு மதிப்பெண். கார்டை ஒப்பிட கிராபிக்ஸ் மதிப்பெண்ணை மட்டும் எடுங்கள். மொத்த மதிப்பெண்ணில் பிராசஸரும் கலந்திருக்கும். மூன்று முறை ஓட்டி நடுவில் வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

டைம் ஸ்பையின் கிராபிக்ஸ் பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவ்வளவு நேரம் எந்த லேப்டாப்பும் சூடு தாங்கும். கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஆகவே நான் அதிகம் நம்புவது அடுத்த சோதனையைத்தான். கனமான ஒரு கேமை, அல்லது உங்கள் சொந்த எக்ஸ்போர்ட் வேலையை, அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பின்னணியில் எச்டபிள்யூஇன்ஃபோ பதிவு செய்துகொண்டே இருக்கட்டும். முடிந்ததும் அந்தப் பதிவில் நான்கு வரிகளைப் பாருங்கள்: ஜிபியு பவர், ஜிபியு கிளாக் (சிப்பின் கடிகார வேகம்), ஜிபியு வெப்பநிலை, அப்புறம் 'பெர்ஃபார்மன்ஸ் லிமிட்' என்ற தலைப்பில் வரும் ஆம்-இல்லை வரிகள்.

அந்த ஆம்-இல்லை வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. 'பவர்' என்பதில் ஆம் என்றிருந்தால், கார்டுக்கு ஒதுக்கிய வாட் முழுவதையும் எடுத்துவிட்டது, அதற்கு மேல் கொடுக்கவில்லை என்று பொருள். லேப்டாப்பில் இது இயல்பு. 'தெர்மல்' என்பதில் ஆம் வந்தால் சூடு தாங்காமல் வேகத்தைக் குறைக்கிறது. கூலிங் போதவில்லை, அல்லது ஃபேனில் தூசி, அல்லது அறை சூடு. 'வோல்டேஜ்' என்றால் சிப் தன்னால் போக முடிந்த உச்சத்தைத் தொட்டுவிட்டது, அது நல்ல செய்தி. 'யூட்டிலைசேஷன்' என்றால் கார்டு சும்மா காத்திருக்கிறது. பிராசஸரோ ரேமோ வேலையைக் கொடுக்கும் வேகம் போதவில்லை. அப்படி வந்தால் நீங்கள் ஒப்பிட்டது கார்டை அல்ல. கேமின் செட்டிங்ஸை ஏற்றி, கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் போகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

முதல் இரண்டு நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் கிளாக் எவ்வளவு இருந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நல்ல கேபினெட்டில் இருக்கும் டெஸ்க்டாப் கார்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். லேப்டாப்பில் அந்த இறக்கம் எவ்வளவு என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 3டிமார்க்கைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் வசதியும் உண்டு. ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, வேகம் 97 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் இருந்தால் தேர்ச்சி என்று சொல்லும்.

கேமில் சராசரி ஃபிரேமை மட்டும் பார்க்காதீர்கள். ஆஃப்டர்பர்னரில் '1% லோ' என்ற எண்ணையும், அதாவது மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும், இயக்குங்கள். நொடிக்கு 90 என்று சராசரி காட்டும் லேப்டாப் நடுநடுவே 35-க்கு விழுந்து எழுந்தால், கையில் தெரிவது அந்த 35 தான்.

படி 6: நம் அறையில் அளந்து பாருங்கள்

யூடியூபில் பார்க்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஏசி ஓடும் அறையில், 22, 23 டிகிரியில் எடுத்தவை. மே மாதம் வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ மேல்மாடி அறையில், மொட்டை மாடியின் சூடு இறங்கும் மதியம் மூன்று மணிக்கு அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும். விமர்சகரின் அறையைவிட 14 டிகிரி அதிகம். ஃபேன் ஏற்கெனவே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே சிப்பிலும் ஏறும். அவர் அறையில் 76 டிகிரியில் நிம்மதியாக ஓடிய லேப்டாப் உங்கள் அறையில் 87-ஐத் தொட்டு, வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். லேப்டாப் கார்டுகள் பலவற்றுக்கு அந்த 87 தான் எல்லை.

டெஸ்க்டாப்புக்கும் அதே 14 டிகிரி ஏறும். ஆனால் பெரிய ஹீட்சிங்க், இரண்டு மூன்று ஃபேன், காற்றோட்டமுள்ள கேபினெட் இருப்பதால் 65-லிருந்து 79-க்குப் போகும், வேகம் குறையாது. ஆகவே ஏசி அறையில் எடுத்த ஒப்பீடு நம் ஊருக்கு வரும்போது லேப்டாப் பக்கம் இன்னும் கொஞ்சம் பின்வாங்கும். விமர்சனத்தில் வித்தியாசம் சின்னதாக இருந்தாலும், நம் அறையில் அது பெரிதாகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நீங்களே அளக்கலாம். சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை லேப்டாப்பிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். ஃபேன் காற்று அதன் மேல் படக் கூடாது. அரை மணி நேரச் சோதனையை ராத்திரி பதினொரு மணிக்கு ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை செய்யுங்கள். இரண்டு கிளாக் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டுக்கே உரிய எண், எந்த வீடியோவிலும் கிடைக்காது. லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அடியிலிருந்து காற்று இழுக்கும் மாடல்களில் அதுவே சில டிகிரி இறக்கும். மெத்தையின் மேல் வைத்து ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

தூசியும் உப்பும் வேறு. எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பும் தூசி, மணலிப் பக்கத்துக் கரி, காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடற்காற்றோடு வரும் உப்பு, எல்லாம் ஃபேன் இறக்கைகளில் ஈரத்தோடு ஒட்டிக்கொள்ளும். டெஸ்க்டாப்பின் பக்கத் தகட்டைக் கழற்றி பிளோயரால் ஊதிவிடலாம். லேப்டாப்பில் அடித்தகட்டைக் கழற்ற வேண்டும், வாரன்டி விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடம் சுத்தம் செய்யாத லேப்டாப்பை வைத்து ஒப்பிட்டால் அது கார்டுக்குச் செய்யும் அநியாயம். முதலில் சுத்தம் செய்யுங்கள், பிறகு சோதியுங்கள்.

படி 7: கணக்கு

ஒரு கணக்குக்கு, டைம் ஸ்பை கிராபிக்ஸ் மதிப்பெண் லேப்டாப்பில் 8,000, டெஸ்க்டாப்பில் 10,000 என்று வைத்துக்கொள்வோம். 8,000-ஐ 10,000 ஆல் வகுத்தால் 0.8. லேப்டாப், டெஸ்க்டாப்பின் 80 சதவீத வேகத்தில் ஓடுகிறது. அதாவது 20 சதவீதம் மெதுவு. அதையே திருப்பினால் 10,000-ஐ 8,000 ஆல் வகுக்க 1.25. டெஸ்க்டாப் 25 சதவீதம் வேகம். இரண்டும் ஒரே உண்மைதான். விற்பவர் தனக்குச் சாதகமானதைச் சொல்வார். எதை எதால் வகுத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கணக்கு கரண்ட் பில். நடுத்தர கார்டு உள்ள டெஸ்க்டாப், மானிட்டரோடு சேர்த்து, கனமான வேலையில் 300 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். அதே அளவு லேப்டாப் 170 வாட். தினமும் நான்கு மணி நேரம், இரண்டு மாத ரீடிங்குக்கு 240 மணி நேரம். டெஸ்க்டாப் 72 யூனிட், லேப்டாப் சுமார் 41 யூனிட். வித்தியாசம் 31 யூனிட். சாதாரண வீட்டுக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால் ஏற்கெனவே ஏசி ஓடி 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடாக இருந்தால், அந்த விளிம்பைத் தாண்டியதும் கீழ்ப்படிகளின் விலைக் கணக்கே மாறிவிடும், 31 யூனிட்டும் கனமாகத் தெரியும்.

கரண்ட் போகும் பகுதியாக இருந்தால் யுபிஎஸ் விலையையும் டெஸ்க்டாப் பக்கம் சேருங்கள். கடையில் முதலில் எடுத்துக் காட்டும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கேமிங் டெஸ்க்டாப்புக்கு 1,000 விஏ-வாவது வேண்டும். லேப்டாப்புக்கு இந்தச் செலவு இல்லை. கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறி வேகம் விழும், ஆனால் செய்த வேலை போகாது.

எதை எடுப்பது

மண்டபத்திலேயே உட்கார்ந்து அன்று மாலையே ஹைலைட் வீடியோ கொடுக்க வேண்டிய எடிட்டருக்கு லேப்டாப் தவிர வேறு வழியில்லை. அவர் 4060 அல்லது 5060 லேப்டாப்பை, வாட் குறையாத தடித்த உடம்பில் வாங்கட்டும். 4070 லேப்டாப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அதே 8 ஜிபி மெமரிதான் கிடைக்கிறது என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணத்தில் ரேமும் எஸ்எஸ்டியும் போடலாம். ஸ்டூடியோவை விட்டு நகராத வேலை என்றால் டெஸ்க்டாப்தான், யோசிக்கவே வேண்டாம். அதே பணத்துக்கு அதிக வேகம், அதிக மெமரி, மூன்று வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றும் வசதி. ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் அலையும் மாணவருக்கு லேப்டாப். வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வரும், பிளெண்டர் கற்கும் பிள்ளைக்கு டெஸ்க்டாப்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் எச்டபிள்யூஇன்ஃபோவின் போர்ட்டபிள் பதிப்பையும், பிளெண்டர் பெஞ்ச்மார்க்கையும் போட்டு எடுத்துப் போங்கள். விம்கோ நகர் முதல் வண்ணாரப்பேட்டை வரை எங்கிருந்தாலும் மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். கூட்டம் குறைவான காலை நேரத்தில் போனால் கடைக்காரர் பொறுமையாகத் திறந்து காட்டுவார். புதுப் பொருளை இயக்க விடவில்லை என்றால் டெமோ மாடலில் மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் வரியை மட்டுமாவது பாருங்கள். பயன்படுத்திய பொருளாக இருந்தால் கடையிலேயே இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லி, அது லேப்டாப்பின் அடியில் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் அரை மணி நேரச் சோதனையை மதியம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை முடித்து, எச்டபிள்யூஇன்ஃபோவின் பதிவுக் கோப்பைச் சேமித்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் பேச வேண்டி வந்தால் கையில் காட்ட அந்தக் கோப்பு இருக்கும்.